முதுகைக் காட்டும் பறவை: மரமேறிகளை இனம் பிரிப்பது எப்படி

பட்டையின் ஒரு துண்டு தானாக நகர்ந்து மரத்தில் ஏறுவது போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் மரமேறியாக இருக்கும். ட்ரீகிரீப்பர் என்றே பலரும் சொல்கிறார்கள். நீளம் 12 முதல் 14 செ.மீ., எடை 10 கிராமை ஒட்டி. பழுப்பு முதுகில் வெள்ளைத் தீற்றல்கள், வெளுத்த வயிறு, கீழ்நோக்கி வளைந்த ஊசி அலகு. இவ்வளவையும் பத்து நொடியில் பார்த்துவிடலாம். அதற்கு அப்பால்தான் சிக்கல். செர்தியா பேரினத்தில் ஒன்பது இனங்கள் இருக்கின்றன. ஒன்பதும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்.

இந்தப் பறவை நமக்கு அதிகம் காட்டுவது முதுகை. இனம் பிரிக்க மிகக் குறைவாக உதவுவதும் அந்த முதுகுதான். முதுகின் நிறத்தை வைத்துச் சொன்ன பெயர்களே பிறகு அதிகம் திருத்தப்படுகின்றன. ஆகவே முதலில் இடம், பிறகு குரல், பிறகு பக்கவாட்டுத் தோற்றம், கடைசியில் முதுகு என்ற வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில், அது மரமேறிதானா?

அது ஏறும் விதத்தைப் பாருங்கள். இரண்டு கால்களையும் ஏறக்குறைய ஒன்றாக எடுத்து வைத்து, வெட்டி வெட்டித் தாவி ஏறும். ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் வால் பட்டையில் அழுந்தும். வால் சிறகுகளின் தண்டு விறைப்பாகவும் நுனி கூராகவும் இருப்பதால், வால் மூன்றாவது கால் போல உடலைத் தாங்குகிறது. இறகு உதிர்க்கும் காலத்திலும் இந்தத் தாங்கல் போய்விடுவதில்லை: மற்ற வால் சிறகுகள் விழுந்து முளைத்த பிறகே நடு இணை உதிரும். மரங்கொத்தியிடமும் இதே ஏற்பாடு உண்டு.

ஏறும் பாதை பெரும்பாலும் தண்டைச் சுற்றிச் சுருளாகப் போகும். உச்சியை நெருங்கியதும் அடுத்த மரத்தின் அடிக்குச் சரிந்து பறந்து, மறுபடியும் கீழிருந்து தொடங்கும். தலைகீழாகத் தண்டில் இறங்கி வருகிறதென்றால் அது நட்ஹாட்ச் எனும் பசையெடுப்பான். அதற்கு வால் குட்டை, அலகு நேர், முதுகு பெரும்பாலும் நீலச் சாம்பல். அது வாலை ஊன்றாமல் கால்களின் பிடியிலேயே நிற்கும்.

மரங்கொத்தியோடு குழப்பம் வந்தால் அலகைப் பாருங்கள். மரமேறி கொத்தாது. பட்டை வெடிப்புக்குள் அலகை நுழைத்துச் சிலந்தியையும் பூச்சி முட்டையையும் இடுக்கி போல எடுக்கும். தட்டும் ஒலி கேட்டால் அது வேறு பறவை. விரல்கள் தெரியும் அளவுக்கு அருகில் இருந்தால் இன்னும் எளிது: மரமேறிக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

இந்தியாவின் வடக்கு, மத்தியப் பகுதிகளில் உள்ள வறண்ட இலையுதிர் காடுகளில் ஆழமாக வெடித்த பட்டையுள்ள மரங்களில் திரியும் புள்ளி மரமேறி தனிக் கதை. பெயரில் மரமேறி இருந்தாலும் அதன் பேரினம் சல்போர்னிஸ். எடை ஏறக்குறைய 16 கிராம் வரை போகும். உடல் முழுவதும் கருமையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இறைந்திருக்கும். வால் மென்மையானது, அதை ஊன்றி ஏறாது. கூடு கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம்: செர்தியா மரமேறிகள் உரிந்து நிற்கும் பட்டைக்குப் பின்னால் கூடு திணிக்கும், புள்ளி மரமேறி கிடைக்கிளையின் மேல் கிண்ணக் கூடு கட்டும்.

ஆஸ்திரேலியாவில் ட்ரீகிரீப்பர் என்ற பெயரோடு இருப்பவை வேறு குடும்பம். அவையும் வாலை ஊன்றுவதில்லை. ஒரு காலை மேலே வைத்துப் பிடித்து மற்றதைக் கீழே வைத்து ஏறும். நடு, தென் அமெரிக்காவின் வுட்கிரீப்பர்களுக்கு விறைத்த வால் உண்டு, ஆனால் அவையும் உறவினர் அல்ல. பெரும்பாலானவை மரமேறியைவிடப் பெரியவை. வட அமெரிக்காவில் வேலை எளிது: செர்தியாவில் அங்கே பழுப்பு மரமேறி ஒன்றுதான். தண்டில் ஊரும் கறுப்பு-வெள்ளை வார்ப்ளரை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். அதன் உடலில் தெளிவான கோடுகள் ஓடும், அலகு லேசாகவே வளைந்திருக்கும், மேலும் கீழுமாக எந்தத் திசையிலும் போகும்.

எங்கே நின்று பார்ப்பது

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஏறும் பறவையின் பின்னாலேயே போவது. நெருங்க நெருங்க அது தண்டின் மறுபக்கத்துக்கு நழுவும். கடைசியில் மரத்தைச் சுற்றி நாம் ஓடுவோம், அதுவும் ஓடும். மரத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி அசையாமல் நில்லுங்கள். சுருளாக ஏறுவதால் அது தானே பக்கவாட்டுக்கு வரும். தண்டின் விளிம்பில், பின்னால் வெளிச்சமோ தூரத்துக் காடோ தெரியும்படி அது நிற்கும் இரண்டு நொடிதான் நமக்கு வேண்டியது. அலகின் முழு நீளம், கண்புருவக் கோடு, விலா, பின்விரல் நகம் நான்கும் ஒருசேரத் தெரிவது அந்தக் கோணத்தில்தான்.

பறவை உச்சிக்குப் போய்விட்டால் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அக்கம்பக்கத்து மரங்களின் அடிப்பகுதியில் பார்வையை வையுங்கள். அடுத்து அது வந்து இறங்குவது அங்கேதான். 8×32 அல்லது 8×42 பைனாகுலர் போதும். 10 மடங்கு உருப்பெருக்கம் நிழலான காட்டில் வேகமாக நகரும் சிறு பறவைக்குக் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

குளிர்காலத்தில் பட்டாணிக்குருவிகளின் கூட்டத்தோடு மரமேறி ஒன்றிரண்டு சேர்ந்து வருவது வழக்கம். கூட்டம் கடந்து போகும்போது கிளை நுனிகளை விட்டுவிட்டுத் தண்டுகளைப் பாருங்கள். இலை உதிர்ந்த காலம் பார்வைக்கு நல்லது. இறகுதிர்ப்பு முடிந்த இலையுதிர்காலத்தில் நிறங்கள் மிகத் தெளிவு. கோடை நடுவில் இறகுகள் தேய்ந்து புருவக் கோடும் முதுகுப் புள்ளிகளும் மங்கிக் கிடக்கும். அப்போது நிறத்தை நம்பி இனம் சொல்வது வீண் துணிச்சல்.

இடம் பாதி வேலையை முடிக்கும்

யூரேசிய மரமேறி அயர்லாந்திலிருந்து ஜப்பான் வரை பரந்திருக்கிறது. குறுவிரல் மரமேறி ஐரோப்பாவின் நடு, தென் பகுதிகளிலும் வடமேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறது. பிரிட்டன், அயர்லாந்து காடுகளில் கூடு கட்டுவது யூரேசிய மரமேறி மட்டுமே. குறுவிரல் மரமேறி பிரான்ஸ் கரையை ஒட்டிய கால்வாய்த் தீவுகளில் (சேனல் தீவுகள்) கூடு கட்டுகிறது, இங்கிலாந்தின் தென்கரைக்கு அரிதாக வழிதவறி வரும். அங்கே குறுவிரல் என்று எழுதுவதற்கு ஒலிப்பதிவும் நல்ல படங்களும் இல்லாமல் யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

இரண்டும் சேர்ந்து வாழும் ஐரோப்பிய நிலப்பரப்பில் ஒரு பொதுப் போக்கு உண்டு: யூரேசிய மரமேறிக்கு மலையும் ஊசியிலைக் காடும், குறுவிரலுக்குத் தாழ்நிலத்து ஓக் காடு, பூங்கா, பழத்தோட்டம். இது சந்தேகத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சொல்லும், அவ்வளவே. கலப்புக் காட்டில் இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

ஐரோப்பாவின் இரட்டையர்

யூரேசிய மரமேறிக்கு 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தார். குறுவிரல் மரமேறியைத் தனி இனமாகப் பிரித்துப் பறவையியலாளர் கிறிஸ்டியன் லுட்விக் பிரேம் விவரித்தது 1820-இல். அறுபது ஆண்டுக்கும் மேலாக இரண்டும் ஒரே பெயரில் இருந்தன என்பதே இவை எவ்வளவு நெருக்கமானவை என்று காட்டும்.

குரலில் தொடங்குவோம். யூரேசிய மரமேறியின் பாட்டு மெலிந்தது, உயர்ந்த சுருதியில் தொடங்கிச் சரிந்து இறங்கி, கடைசியில் ஒரு சுழிப்போடு முடியும். வேகமாகக் கொட்டும் மணிச்சரம் போல ஒட்டி ஒட்டி வரும். குறுவிரலின் பாட்டு அதைவிடக் குட்டை, உரக்க, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, இடறி நடப்பது போன்ற தாளத்தில்: "டீட்… டீட்… டீ-டெ-ரோ-ஈ-டிட்." ஒருமுறை காதில் பதிந்துவிட்டால் மறக்காது.

அழைப்பொலி இன்னும் பயன். குறுவிரல் "டூட்" என்று குழல் ஊதினாற்போல அழுத்தமாகக் கூப்பிடும். பல தடவை அடுக்கி வரும். இந்த ஒலி தெளிவாகக் கேட்டால் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. யூரேசிய மரமேறியின் வழக்கமான குரல் "ஸ்ர்ரீ" என்று மெல்லிதாக அதிரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: குறுவிரலும் சில நேரம் இதைப் போன்ற அதிரும் ஒலியை எழுப்பும். ஆகவே "டூட்" கேட்டால் குறுவிரலுக்குச் சான்று. "ஸ்ர்ரீ" மட்டும் கேட்டால் எதற்கும் சான்றில்லை.

பாட்டிலும் ஒரு பொறி. ஒரு மரமேறி மற்ற இனத்தின் பாட்டைக் கற்றுக்கொண்டு கலந்து பாடுவது ஐரோப்பாவில் பதிவாகியிருக்கிறது. பாட்டு பெரிதும் கேட்டுக் கற்பது. அழைப்பொலி அப்படி எளிதில் மாறுவதில்லை. பாட்டு ஒன்றைச் சொல்லி, அழைப்பொலி வேறொன்றைச் சொன்னால் அழைப்பொலியின் பக்கம் நில்லுங்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிப் பறவையை வரவழைக்க வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குத் தொல்லை. அதோடு, ஒன்றின் பாட்டுக்கு மற்றது வருவதும் உண்டு என்பதால் வந்ததை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

இந்தக் குரல்களின் சுருதி மிக உயர்ந்தது. வயதாக ஆக உயர் அதிர்வெண் கேட்கும் திறன் குறையும், மரமேறியின் மெல்லிய அழைப்பு அப்படிக் காணாமல் போகும் ஒலிகளில் ஒன்று. சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் பதிவு செய்து ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் வரைபடமாக, பாருங்கள். பதிவை எம்பி3-யாகச் சுருக்கினால் முதலில் அடிபடுவது உச்ச அதிர்வெண்தான், எனவே வேவ் வடிவத்திலேயே வையுங்கள். கோல்டுகிரெஸ்ட் என்ற குட்டிப் பறவையின் மெல்லிய "ஸீ-ஸீ-ஸீ" அழைப்பும் இதே உயரத்தில் வரும். அதில் சுரங்கள் தனித்தனியாக நிற்கும், மரமேறியின் "ஸ்ர்ரீ"யில் உள்ளே ஓர் அதிர்வு ஓடும்.

இனி கண். பக்கவாட்டில் பார்க்கும்போது வயிற்றின் பக்கத்தை முதலில் பாருங்கள். யூரேசிய மரமேறியில் தொண்டையிலிருந்து விலா வரை ஏறக்குறைய ஒரே வெள்ளை. குறுவிரலில் தொண்டை மட்டும் வெள்ளையாக நின்று, விலாவும் வாலடியும் பழுப்பேறி இருக்கும். தொண்டைக்கும் விலாவுக்கும் இடையே அந்த வேறுபாடு கண்ணில் படவேண்டும். வட ஐரோப்பாவின் யூரேசிய மரமேறிகள் பனி போல வெளுத்தவை. பிரிட்டனின் துணையினமான பிரிட்டானிகாவுக்கோ விலாவில் பழுப்புச் சாயல் உண்டு. அங்கே விலாவை மட்டும் பார்த்துக் குறுவிரல் என்று எழுதியவர்கள் நிறைய.

அடுத்தது புருவக் கோடு. கண்ணுக்குப் பின்னால் இரண்டிலும் வெள்ளை தெரியும், அதனால் அந்தப் பகுதியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். யூரேசிய மரமேறியில் வெள்ளை அங்கேயும் பளிச்சென்று தொடரும், நெற்றியிலும் வெளிர் கீற்றுகள் இருக்கும். குறுவிரலில் கண்ணுக்கு முன்னால் கோடு மங்கிப் போகும், நெற்றி ஒரே கருமையாகத் தெரியும்.

அலகும் நகமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. யூரேசிய மரமேறிக்கு அலகு சற்றுக் குட்டை, பின்விரல் நகம் நீளம், வளைவு குறைவு. குறுவிரலுக்கு அலகு நீண்டு வளைந்திருக்கும், பின்நகம் குட்டை. பிராக்கிடாக்டிலா என்ற அறிவியல் பெயரின் பொருளே குறுவிரல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஏமாற்றும். அலகு நம் பக்கம் சற்றே திரும்பியிருந்தாலும் குட்டையாகத் தெரியும். கூட்டை விட்டு வந்த இளம்பறவையின் அலகு முழுதாக வளர்ந்திருக்காது. ஒரே படத்தில் அலகும் பின்நகமும் கிடைத்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். அந்த விகிதம் தனி அளவைவிட நம்பகமானது. வளையமிடும் ஆய்வாளர்கள் பறவையைக் கையில் வைத்து அளப்பதும் இந்த இரண்டையும் சேர்த்தே. அது உரிமம் பெற்றவர்களின் வேலை.

இறக்கையை விரிக்கும் நொடியைப் படம் பிடிக்க முடிந்தால், முதன்மைச் சிறகுகளுக்கு (இறக்கையின் வெளிப்பகுதியில் உள்ள நீண்ட சிறகுகள்) குறுக்கே ஓடும் வெளிர்ப் பட்டையைப் பாருங்கள். குறுவிரலில் பட்டையின் விளிம்பு ரம்பப் பல் போல ஒரே சீரான படிகளாகப் போகும். யூரேசிய மரமேறியில் படிகள் சீரற்று, ஓரிடத்தில் பெரிய படியாகத் திடீரென்று உடையும். தெளிவான படத்தில் இது மிகப் பெரிய துணை, மங்கிய படத்தில் இதைத் தேட வேண்டாம்.

முதுகு கடைசி. யூரேசிய மரமேறி செம்பழுப்பு, வெள்ளைப் புள்ளிகள் தெளிவு. குறுவிரல் சாம்பல் கலந்த பழுப்பு. பச்சை இலை வழியாக வரும் வெளிச்சமும் மாலை வெயிலும் இந்த வேறுபாட்டை அப்படியே விழுங்கிவிடும்.

இமயமலையில் வாலும் தொண்டையும் பேசும்

இமயமலையில் இந்த விதி கொஞ்சம் தலைகீழாகிறது. பின்புறமும் பயன்படும், ஏனென்றால் வால் அங்கே இருக்கிறது. பட்டைவால் மரமேறிக்கு வாலின் குறுக்கே நெருக்கமாக மெல்லிய கருங்கோடுகள் ஓடும். இறக்கையிலும் அதே கோடுகள். வேறு எந்த மரமேறிக்கும் இப்படி வால் இல்லை. மேற்கு இமயமலையில் காண்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முதுகு சாம்பல் சாயலோடும் அலகு நீண்டும் இருக்கும். குளிர்காலத்தில் அடிவாரம் வரை இறங்கும். நிழலான பைன் தண்டில் கோடுகள் உடனே தெரியாது. வால் முழுதாக வெளிச்சத்தில் விழும் வரை காத்திருங்கள். கோடு தெரியவில்லை என்பதற்கும் கோடு இல்லை என்பதற்கும் தூரம் அதிகம்.

கோடில்லாத வாலும் வெள்ளை வயிறும் இருந்தால் ஹாட்ஜ்சன் மரமேறி. முன்பு யூரேசிய மரமேறியின் துணையினமாக எண்ணப்பட்டது, தோற்றத்தில் அதை மிகவும் ஒத்தது.

கிழக்கே போகப்போகத் தொண்டையையும் விலாவையும் பாருங்கள். தொண்டை வெள்ளையாக இருந்து விலா துருநிறமாகத் தெளிவாகப் பிரிந்தால் செவ்விலா மரமேறி. அதன் புருவக் கோடு கண்ணோடு நிற்காமல் கருத்த கன்னத்தைச் சுற்றி வளைந்து இறங்கும், முகத்துக்கு ஒரு சட்டம் போட்டதுபோல. தொண்டையும் மார்பும் சேர்ந்தே பழுப்பாக இருந்தால் சிக்கிம் மரமேறி. மணிப்பூர், நாகாலாந்து மலைகளிலும் மியான்மரிலும் காண்பது அதன் நெருங்கிய உறவான ஹியூம் மரமேறி. இந்த இரண்டும் முன்பு ஒரே இனமாகப் பட்டியலில் இருந்தன. பாட்டின் வேறுபாடு பிரித்ததற்கான காரணங்களில் ஒன்று. காட்டில் இவற்றைப் பிரிப்பது முதலில் இடம், பிறகு பாட்டு.

ஒன்பதில் மிக அண்மையில் அறியப்பட்டது சீனாவின் சிச்சுவான் மரமேறி. 1995-இல் யூரேசிய மரமேறியின் துணையினமாக விவரிக்கப்பட்டு, 2002-இல் தனி இனமாக உயர்த்தப்பட்டது. அலகு குட்டை, தொண்டை வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல் பழுப்பு.

படத்தில் கெடுவது எங்கே

கருத்த தண்டின் மேல் வெளுத்த வயிறு: கேமராவுக்கு இதைவிடக் கடினமான காட்சி குறைவு. தானியங்கி அளவீடு தண்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வயிற்றின் வெள்ளை வெந்துபோய், விலாவின் பழுப்பு படத்திலிருந்தே மறையும். குறுவிரல் மரமேறி இப்படித்தான் படத்தில் யூரேசிய மரமேறியாகிறது. வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள், கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா (RAW) வடிவத்தில் எடுங்கள். ஷட்டர் 1/500 நொடிக்குக் குறையாமல், தொடர் படங்களாக எடுத்தால் தாவலுக்கு இடைப்பட்ட அசைவற்ற நொடி ஒன்றாவது சிக்கும்.

எதிர்த் திசைத் தவறும் உண்டு. ஈரமான, பாசி படிந்த பட்டையில் நாளெல்லாம் வயிற்றை உரசி ஏறும் பறவைக்கு அடிப்பகுதி அழுக்கேறும். சுத்தமான யூரேசிய மரமேறி அப்போது பழுப்பு விலாவோடு தெரியும். அழுக்கு திட்டுத் திட்டாக, வயிற்றின் நடுவிலும் இருக்கும். இறகின் சொந்தப் பழுப்பு விலாவிலிருந்து வாலடி நோக்கிச் சீராகக் கூடும்.

குறிப்பேட்டில் எழுதவேண்டியவை: மரத்தின் வகை, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, கேட்ட ஒலி உங்கள் காதுக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுத்தில், கண்ணுக்கு முன்னால் புருவம், தொண்டைக்கும் விலாவுக்கும் நிற வேறுபாடு, அலகு-நக ஒப்பீடு. பார்க்காததை "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் எழுதிவிடுங்கள். திறந்த பிறகு நினைவு படத்தோடு கலந்துவிடும்.

இரண்டும் வாழும் பகுதியில் அழைப்பொலியும் கேட்காமல், பக்கவாட்டுக் குறிகளில் குறைந்தது மூன்று ஒரே பக்கம் சேராமல் இருந்தால் இனப்பெயர் போட வேண்டாம். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் (eBird) "யூரேசிய / குறுவிரல் மரமேறி" என்று இரண்டையும் சேர்த்துப் பதியும் வகை இருக்கிறது. அதில் பதிந்து, படத்தையும் ஒலிப்பதிவையும் இணைத்து வையுங்கள். பின்னால் வேறொருவர் அந்தப் பதிவிலிருந்து ஒரு "டூட்"டைக் கண்டுபிடிக்கக்கூடும்.